இரண்டாவது குடம்

கள்ளக்குறிச்சி
5.1.2025

அன்புத் தங்கை ஹப்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் அப்ரினும் இறைவன் அருளால் நலம். மலைக்குளிரில் உனக்குச் சளி பிடித்திருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு நடுங்குகிற ஆள் நீ என்று எனக்குத் தெரியாதா?

போனில் பேசலாம் என்றால் நீ டவருக்காகப் பாறைமேல் ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் எனக்குப் பாதி காற்றுதான் கேட்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். மலை பஸ் நம் செருப்புக் கடை வாசலில்தானே நிற்கிறது, கண்டக்டர் தமிழழகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். அப்ரினைப் பெண் பார்க்க மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். பையன் தங்கம். அவன் அம்மாதான் கபாப் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா, கோசு அரிஞ்சு வெச்சிருக்கீங்க? எங்க வூட்ல ரொமைன் லெட்டூஸ் இல்லாம கபாப் தட்டே வராதுங்க" என்றார். அது ஏதோ சீமைக் கீரையாம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. விடுவேனா? "எங்க தோட்டத்துலயே போட்டிருக்கோங்க, இன்னும் எலை விடல. நோன்புப் பெருநாளுக்கு வாங்க, பறிச்சு வெக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். உன் மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற விதை வாங்கி மொட்டை மாடியில் மண் பையில் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு அது ஆகாதாம். உன் வீட்டுப் பின்னால் இடம் இருக்கிறது, மலை குளுகுளுவென்று இருக்கிறது. மிச்ச விதையை இத்துடன் வைத்திருக்கிறேன். எப்படியாவது வளர்த்துக் கொடு. என் மானம் உன் கையில்.

வேளைக்குச் சாப்பிடு.

துஆவுடன்,
அக்கா அஸ்ரப் நிஷா


மலைமேல், வெள்ளிமலை வழி
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சளி இல்லை, நம்பு. மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்ரினுக்கு என் முத்தம்.

உன் மானத்தை மண்ணில் போட்டுவிட்டேன். புதைத்ததுதான் நீ செய்த தப்பு. வெளிச்சம் பட்டால்தான் அந்த விதை கண் திறக்குமாம். சாணி எருவும் மண்ணும் கலந்து பாத்தி கட்டி, விதையைத் தூவி, மேலே கை அழுத்தமாகத் தடவிவிட்டேன். மூன்றாம் நாளே பச்சைப் பொட்டு பொட்டாக எட்டிப் பார்த்தது. பழைய சேலை ஒன்றைக் குச்சி நட்டுப் பந்தலாகக் கட்டியிருக்கிறேன்.

தண்ணீர்தான் கவலை. தெருக்குழாயில் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓர் ஊற்று இருக்கிறது, எல்லோருக்கும் அதுதான். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியம்மாவும் நானும் சேர்ந்துதான் போய்வருகிறோம். அவருக்கு உன் வயதுதான் இருக்கும். கணவர் இல்லை, ஆடுகள்தான் குடும்பம். என் பாத்தியைப் பார்த்து, "இத்த ஆடு துன்னுமா, டீச்சரம்மா?" என்று கேட்டார். மனுஷன் பச்சையாகச் சாப்பிடுவது என்றேன். "வேக வெக்காமயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்புடன்,
ஹப்சா


கள்ளக்குறிச்சி
9.2.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். மச்சானின் முழங்கால் பழைய பாட்டைத்தான் பாடுகிறது.

பாத்தியில் நெருக்கத்தைக் களைந்தேன் என்று நீ கொடுத்தனுப்பிய லெட்டூஸ் கன்றுகள் வந்தன. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பேனா? கீரைதானே என்று பருப்புப் போட்டுக் கடைந்துவிட்டேன். கொழகொழவென்று ஒரு பச்சைக் கஞ்சி. மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத்துக்காடி உன் தங்கச்சிய மலையில வேலை வாங்கிக்கினு கீற?" என்றார். அப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். சம்பந்தி முன்னால் பச்சையாகத்தான் வைப்பேன், பயப்படாதே.

அந்த அம்மா போன் செய்தார். பெருநாள் மறுநாள் குடும்பத்தோடு வருகிறார்களாம். அன்றே தேதி குறித்துவிடலாம் என்றார். முடிக்கும்போது, "உங்க லெட்டூஸ் எப்படி கீதுங்க?" என்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மையாக இருக்கட்டும், ஹப்சா.

உன் அக்கா


மலைமேல்
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. சஹருக்கு எழுந்திருக்க அலாரம் தேவையில்லை, பாப்பாத்தியம்மாவின் சேவல் இருக்கிறது. நீ மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாயா?

லெட்டூஸ் இப்போது பார்க்க வேண்டும். நட்டுவைத்த அகப்பைகள் போல இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நடு நரம்பை ஒடித்தால் சடக்கென்று சத்தம் கேட்கிறது. ஆனால் மலையிலும் வெயில் ஏறிவிட்டது. வேர் காய்ந்தால் நடுவில் தண்டு கிளம்பிப் பூவுக்குப் போய்விடும். அப்புறம் இலை கசக்கும். காலையும் மாலையும் மண் ஈரமாக இருக்க வேண்டும்.

நோன்பு தொடங்கிய நாளே பாப்பாத்தியம்மா என் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். "பச்சத்தண்ணி பல்லுல படாம கீற பொண்ணு பள்ளத்துல எறங்கக் கூடாது. நான் கொண்டாறேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காலையில் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஊற்று சுண்டிவிட்டதால் குடம் நிரம்பக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்போது மத்தியானமும் எனக்காக இரண்டாவது குடம் ஒன்று கொண்டுவருகிறார். செடி பிழைத்துவிட்டது.

பெருநாளுக்கு இலை உறுதி. அப்ரினிடம் சொல்.

ஹப்சா


கள்ளக்குறிச்சி
16.3.2025

கண்ணான தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் படித்ததும் பாதி நோன்புக் களைப்பு போய்விட்டது. மருந்து சாப்பிடுகிறேன், சஹரிலும் இப்தாரிலும்.

இன்னும் கொஞ்சநாள்தான். இரண்டு குடமோ மூன்று குடமோ, செடி மட்டும் வாடக்கூடாது. மெட்ராஸ்காரர்களுக்காகப் பீங்கான் தட்டுகூட எடுத்துவிட்டேன். தட்டில் முதலில் இலை, அதன்மேல் கபாப், ஓரத்தில் எலுமிச்சை. கனவில்கூட அந்தத் தட்டுதான் வருகிறது.

அந்தப் பாப்பாத்தியம்மாவுக்குப் பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், கொடு. நல்ல மனசு.

பெருநாளுக்கு முந்தின நாளே இறங்கி வந்துவிடு. மருதாணி நீதான் வைக்க வேண்டும் என்று அப்ரின் சொல்கிறாள்.

அக்கா


மலைமேல்
28.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம்தானே.

பெருநாளுக்கு என்னால் வர முடியாது. பாப்பாத்தியம்மா ஊற்றுப் பாதையில் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்காலில் அடி. வெள்ளிமலையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு வேறு யாரும் இல்லை. ஆடுகளுக்கும் அவருக்கும் நான்தான் தண்ணீர் எடுக்கிறேன்.

இலைகளைப் பெருநாளன்று காலையில் அறுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் தமிழழகனிடம் கொடுத்துவிடுகிறேன். வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவை.

அப்ரினிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஹப்சா


கள்ளக்குறிச்சி
4.4.2025

ஹப்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீ இல்லாத பெருநாள் உப்பில்லாத பிரியாணி. உன்மேல் எனக்குக் கோபம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கால் போனால் சொந்த அக்கா மகளின் விசேஷம் இரண்டாம் பட்சமா?

ஆனாலும் விருந்து அமர்க்களம். லெட்டூஸ் தட்டுக்குத் தட்டு பச்சைப்பசேல் என்று இருந்தது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மாப்பிள்ளை அம்மா வாயடைத்துப் போனார். ஒரு இலை மிச்சமில்லை. தேதியும் குறித்தாகிவிட்டது, ஆடி கழிந்ததும் நிக்காஹ்.

உன் உழைப்புக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். உடனே பதில் எழுது.

அக்கா


கள்ளக்குறிச்சி
17.4.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதிலே இல்லையே. என் கோபத்துக்குக் கோபமா? அப்ரின் தினமும் பஸ் வரும் நேரம் கடைவாசலில் போய் நிற்கிறாள்.

தமிழழகனைப் பிடித்து விசாரித்தேன். அந்தப் பாப்பாத்தியம்மா பஸ்ஸில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "டீச்சரம்மா தொழுகைக்குக் கையி காலு கழுவத் தண்ணி பத்தலன்னு ரெண்டாவது தபா போனங்க, அப்பத்தான் உழுந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நம் தொழுகைக்காக வேற்று மதத்துப் பெண் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன், ஹப்சா.

ஒன்றுதான் விளங்கவில்லை. ஒளு செய்ய எத்தனை தண்ணீர் வேண்டும்? நம் அத்தா ஒரு சொம்பில் முடிப்பார். ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நம் இருவரையும் அடித்து அடித்துச் சொல்லித்தந்தாரே. நீயும் ஒரு சொம்பில் செய்கிறவள்தான். காலையில் ஒரு குடம் வந்த பிறகு மத்தியானம் எதற்கு இரண்டாவது?

உன் அக்கா


மலைமேல்
21.4.2025

அக்கா,

ஸலாம். நான் நன்றாக இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

உனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் கேட்டிருக்கிறாய். இரண்டாவது குடம் லெட்டூஸுக்கு.

நோன்பு தொடங்கி நாலைந்து நாளில் காலைத் தண்ணீர் செடிக்கும் எனக்கும் போதவில்லை. காலிக் குடத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார், "இன்னா டீச்சரம்மா, தீந்துபோச்சா? சாமிக்கு முன்னாடி நிக்கறதுக்குக் கையி காலு கழுவணுமே, பத்தலியா?" நான் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் போனார். அதன்பிறகு அவர் கேட்கவும் இல்லை, நான் தலையாட்டவும் இல்லை. மத்தியானமானால் குடம் வந்தது. அவர் ஆடு மேய்க்கப் போன பிறகு பாத்தியில் ஊற்றினேன். நோன்பு வாயோடு, அக்கா. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் நோன்பு முறியும் என்று பயந்த நான், இதைச் செய்யும்போது பயப்படவில்லை.

விழுந்த அன்று குடம் உருண்டுபோய்விட்டது. தூக்கி வந்தபோது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் தொழுகைக்கு நேரமாவுதே, இன்னா பண்ணுவ?" என்றார்.

அதோடு நின்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது கட்டுப் பிரித்துப் பார்த்ததில் எலும்பு சரியாகக் கூடவில்லையாம். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பி வைத்துக் கட்டாவிட்டால் கால் நொண்டியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வர மாட்டேன் என்கிறார். "சாமி தண்ணிக்குப் போய் உழுந்த காலு. உங்க சாமி அத்த நொண்டியாக்கிடுமா? அதுவே சேத்து வெக்கும்" என்கிறார். யார் சொல்லியும் கேட்கவில்லை. என் பொய்யை நம்பிப் படுத்திருக்கிறார், அக்கா. என்ன செய்வேன்?

ஹப்சா


கள்ளக்குறிச்சி
24.4.2025

ஹப்சா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அவளிடம் சொல்லாதே. சொன்னால் மலை முழுக்கத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன் முகத்தில் யார் விழிப்பார்கள்? தமிழழகன் வழியாக இங்கேயும் வந்துவிடும். மெட்ராஸ்காரர் காதில் விழுந்தால்? வேறு வழியில் இழுத்து வா. எங்கள் சாமிதான் டாக்டரிடம் போகச் சொல்கிறது என்று சொல். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அவசரத்தில் முடிக்கிறேன்.

அக்கா


மலைமேல்
3.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பள்ளி விடுமுறை விட்டும் நான் இறங்கவில்லை. இங்கே கோடை மழை ஒன்று பெய்தது. நீயும் மச்சானும் வெயிலில் அலையாதீர்கள்.

நீ சொன்னபடி செய்து பார்க்கலாம் என்றுதான் போனேன். அல்லாஹ்வின் பெயரை வைத்து இன்னொரு பொய் சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். "அந்தத் தண்ணி ஒளுவுக்கு இல்லீங்க, என் செடிக்கு" என்று.

முதலில் அவருக்குப் புரியவில்லை. "எந்தச் செடிக்கு?" என்றார். கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "ராவெல்லாம் வலிக்கும். சாமி தண்ணின்னு நெனச்சுக்கினு தாங்கிக்கினு இருந்தேன். அத்தயும் எடுத்துக்கினியே, டீச்சரம்மா."

என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பிறகு, "அந்தத் தழய ஒண்ணு கொண்டா" என்றார். நல்லதெல்லாம் உனக்கு வந்துவிட்டது. பாத்தியில் ஒரே ஒரு செடிதான் மிச்சம். அதுவும் வெயிலில் தண்டு ஓடி, இடுப்பளவு வளர்ந்து, மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அதில் ஓர் இலையைக் கிள்ளினேன், பால் வடிந்தது. இது கசக்கும், வேண்டாம் என்றேன். கையை நீட்டியபடியே இருந்தார்.

வாயில் போட்டு மென்றார். துப்பவில்லை, அக்கா. கண்ணை மூடி முழுசாக மென்று விழுங்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, "இத்துக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். என்னிடம் பதில் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு உள்ளே இருந்து குரல் வந்தது: "பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். ஆட்டுக்கு யாரு தண்ணி தூக்குவாங்க?" நான் தூக்குகிறேன் என்றேன். "நீ வேணாம்" என்றார்.

ஆனால் தனியாக எப்படி அனுப்புவேன்? திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டிவருகிறேன். என்னோடு பேசாவிட்டாலும் என் தோளைப் பிடித்துத்தானே நடந்தாக வேண்டும்.

ஹப்சா


கள்ளக்குறிச்சி
4.5.2025

என் ஹப்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் சுகத்தை விடு.

"இத்துக்கா?" என்று பாப்பாத்தியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. நான் உனக்கு எழுதாமல் விட்டது. பெருநாள் மறுநாள் விருந்தில் உன் லெட்டூஸை ஒருவரும் தின்னவில்லை. மெட்ராஸ் அம்மா கபாபை எடுத்துக்கொண்டு, இலையை ஒரு விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். அவரைப் பார்த்து எல்லோரும் தள்ளினார்கள். வேற்று வீட்டில் பச்சையாக எதையும் தின்ன மாட்டார்களாம், வயிற்றுக்கு ஆகாதாம். தேதி குறித்தது பையனுக்கு அப்ரினைப் பிடித்ததால். இலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மிச்சமில்லை என்று எழுதினேனே, அத்தனையையும் நான்தான் கழுநீர் வாளியில் கொட்டினேன். உன் மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பி நல்ல மனசு என்று எழுதினேன். அதே கடிதத்தில் இரண்டு குடமோ மூன்று குடமோ என்றும் எழுதினேன். நீ தலையை ஆட்டினாய், நான்தான் ஆட்டுவித்தேன். போன கடிதத்தில் எழுதியதெல்லாம் உன் நல்லதுக்கு இல்லை, என் மானத்துக்கு.

திங்கட்கிழமை நீ அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கு. மச்சான் பஸ் நிற்கும் இடத்துக்கு ஆட்டோவோடு வருவார். ஆஸ்பத்திரியில் நீயும் அப்ரினும் மாற்றி மாற்றி இருங்கள். அதற்குப் பிறகு கால் ஊன்றும்வரை அவர் இருக்கப்போவது நம் வீட்டில். வர மாட்டேன் என்றால் நீ கெஞ்சாதே. அவரிடம் பேச வேண்டியவள் நான்.

ஆடுகளைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். நீ வேண்டாம் என்றுதானே சொன்னார், என்னை இன்னும் சொல்லவில்லையே. இந்தக் காகிதத்தைத் தமிழழகனிடம் கொடுத்துவிட்டு நானும் அதே பஸ்ஸில் ஏறுகிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உன் வாசலில்தான் நிற்பேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் இதில் பாதியைக்கூடச் சொல்லமாட்டேன் என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் குடம் தூக்கியதில்லை. எனக்குச் சும்மாடு கட்டத் தெரியாது. நீ இறங்குவதற்கு முன் கட்டிக் காட்டிவிட்டுப் போ.

உன் அக்கா
அஸ்ரப் நிஷா